பன்னிரண்டாம் கட்டிலில் யார்?

கேசிகாவைப் படைத்தபோது ஆண்டவன் அவசரம் என்ற சாமானை வைக்க மறந்துபோனான். இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் மணியடிக்க முன்னரே வகுப்பில் இருப்பார்கள். இவள் சப்பாத்துக் கயிற்றை இரண்டாந்தரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் தாதிப் படிப்புக்குப் போகிறாள் என்றதும் பலெர்மோத் தமிழ்ச்சனம் நோயாளிகளை நினைத்து நேர்த்தி வைத்தது.

தாய் சந்திரமதிக்கு அந்தப் படிப்பே விளங்கவில்லை. "குளிசை குடுக்க மூண்டு வருசப் படிப்போ? நான் வேலை செய்யிற வீட்டுச் சிக்னோராவுக்கு நாளுக்கு ஒன்பது குளிசை குடுக்கிறன். இருபது வருசமா மனிசி சாகேல்லையே!"

"அது அவவின்ர அதிஷ்டம் அம்மா," என்பாள் கேசிகா.

ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிய ஒரு நாள்தான் மிச்சம். வார்டின் மூத்த தாதி கொன்செத்தா கையெழுத்து வைத்தால் அடுத்த வருடம்; வைக்காவிட்டால் இதே வருடம் இன்னொருமுறை. கொன்செத்தாவோ நடந்துகொண்டே கோப்பி குடித்து, குடித்துக்கொண்டே ஊசி போட்டு, போட்டுக்கொண்டே அடுத்த ஆளை ஏசுகிறவள்.

காலை எட்டு மணிக்கு அவள் ஓர் அறை வாசலில் நின்று கையை நீட்டினாள். "பன்னிரண்டாம் கட்டில். சிறிலங்காக்காரர், சோதிலிங்கம். இன்சுலின் ஊசி. மத்தியானத்துக்கிடையில முடிச்சிடுவியோ?"

அந்த அறையில் சிறிலங்காக்காரர் இரண்டு பேர். கொன்செத்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்தான். கறுப்பும் மீசையும் போதாதா?

பன்னிரண்டாம் கட்டில்காரர் முப்பது வருடமாக ஒரு வக்கீல் வீட்டில் வேலை செய்தவர். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததுமே சேர்ட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு தயாராகக் கிடந்தார்.

"நீங்கள் சோதிலிங்கம்தானே?" கொன்செத்தா வாசலிலிருந்தே இத்தாலியனில் கத்தினாள்.

"சி, சிக்னோரா," என்று தலையாட்டினார் கட்டில்காரர்.

"கேட்டியோ? போடு."

கேசிகா போடவில்லை. 'நீங்கள் இன்னாரா' என்று நோயாளியிடம் கேட்கக்கூடாது, பெயரை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்று முதலாம் வருடத்தில் படிப்பித்திருந்தார்கள். மற்றவர்கள் அதைச் சோதனையில் எழுதிவிட்டுக் கெட்டித்தனமாக மறந்துவிட்டார்கள். இந்தப் பேதை அதை நம்பிவிட்டாள். அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். பெயர்ப்பட்டியைக் காணோம்.

"அங்கிள், உங்கட பேர் என்ன?"

"அருளையா, பிள்ளை."

"பிறகேன் சோதிலிங்கமோ எண்டு கேக்க ஓம் எண்டனீங்கள்?"

"அவ அவசரமா நிக்கிறா. இல்லை எண்டா மனம் நோகுமெல்லோ?"

"கையில கட்டின பட்டி எங்கை?"

அருளையா தலையணைக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி, அதன் இரண்டு பிரதிகள், அடையாள அட்டை, மாதா படம். எல்லாவற்றுக்கும் நடுவில், நேராக வெட்டியெடுத்த பெயர்ப்பட்டி.

"குளிக்கேக்கை நனைஞ்சிடும் எண்டு வெட்டி வைச்சனான். பழுதாப் போனா, திரும்பக் குவெஸ்துராவில வரிசையில நிக்கோணும்."

பொலிஸ் கந்தோர்தான் அந்தப் பட்டியையும் கொடுத்தது என்று மனிதர் நினைத்துவிட்டார்!

கேசிகா அந்தப் பெயருக்குரிய கோப்பைத் தேடி விரித்தாள். குடலிறக்கம், இன்றைக்கு ஒப்பரேசன், இரவிலிருந்து சாப்பாடு இல்லை. சலரோகமே கிடையாது. வெறுவயிற்றில் அந்த ஊசி ஏறியிருந்தால், சீனி இறங்கி, அருளையா பிளாஸ்டிக் உறையும் கையுமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்.

உண்மையான சோதிலிங்கமோ யன்னல் கட்டிலில் இருந்து, களவாகத் தின்ற சியாகுல்லி மண்டரீன் தோடம்பழத்தின் தோலைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார். காற்று வேண்டும், கட்டிலை மாற்றுவோமா என்று விடியக் கேட்டிருக்கிறார். அருளையா யாருக்கு மாட்டேன் என்று சொன்னார்?

கேசிகா சோதிலிங்கத்திடமும் பெயர் கேட்டு, பட்டி பார்த்து, சீனி பார்த்துத்தான் ஊசியைப் போட்டாள். கொன்செத்தா நடக்காமல் ஓரிடத்தில் நின்று கோப்பி குடித்தாள். அந்த வார்டில் அது ஒரு சாதனை. பிறகு மேசையில் இருந்து பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து, 'மிகவும் மெதுவானவள்' என்று எழுதினாள். கையெழுத்து இன்னும் வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தள்ளுகட்டிலோடு இரண்டு பேர் அறைக்குள் நுழைந்தார்கள்.

"சிக்னோர் கத்தலானோ? முழங்கால் ஒப்பரேசன்?"

"சி, சி," என்று எழும்பினார் அருளையா.

கொன்செத்தா பேனையை எறிந்துவிட்டு ஓடினாள். கேசிகாவும் ஓடினாள், பிறந்ததற்கு முதல்தரமாக.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த கொன்செத்தா, எழுதியதை வெட்டவில்லை. அதற்குப் பக்கத்தில் 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.