அட்டைக்குள் இருந்த எண்

எனக்குக் காசநோய் வந்ததை என் மனைவியிடம் மறைத்தேன். வேறொருத்தியோடு எனக்குத் தொடர்பு என்று அவள் சந்தேகப்பட்டபோது, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்!

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் ராஜபாளையத்தில் டீக்கடை வைத்திருப்பவனுக்கு டிபி என்று தெரிந்தால், என் கிளாஸை யார் வாயில் வைப்பார்கள்? உள்ளூர் ஆஸ்பத்திரியிலோ என் வாடிக்கையாளர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். எல்லார் கண்ணும் என்னை வேவு பார்ப்பதாகவே தோன்றியது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் மாத்திரை வாங்கினேன். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்றார் நர்ஸ். நான் தனியாள் என்று சொல்லிவிட்டேன்.

வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகம் வருமே என்று ஒவ்வொரு முறையும் பால்கோவா வாங்கி வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழம் பூ வாங்கித் தராதவன்! முத்துலட்சுமிக்கு முதல் சந்தேகமே அதில்தான் வந்தது.

அடுத்தது போன். மாத்திரையை அமுக்கி எடுத்தால் அட்டைக்குள் ஒரு எண் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். விழுங்கியதற்கு ஆஸ்பத்திரிக்கு அதுதான் சாட்சி. தினமும் கொல்லைப்புறம் போய், மணி அடித்ததும் துண்டிப்பேன்.

"யாரு அவ?" என்று ஒருநாள் கேட்டாள். நான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் அழுதாள்... எனக்கோ நிம்மதியாக இருந்தது. எப்பேர்ப்பட்ட மனிதன் நான்!

குமட்டலும் பாத எரிச்சலும் படுத்தின. நர்ஸிடம் சொன்னேன். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார், எரிச்சலுக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தார். இரண்டும் அடங்கின. கடைசி மாத்திரைவரை விழுங்கினேன், நோயும் போனது.

பிறகு முத்துலட்சுமி இருமத் தொடங்கினாள். சளிதான் என்றேன். சளி இல்லை என்று எனக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் இருமினாள்... ரத்தம் வந்த பிறகுதான் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

காசநோய்தான் என்று சொன்ன டாக்டர், வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். "இவுகளுக்கு ஒண்ணுமில்ல" என்று அவளே முந்திக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். அன்றே என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். எனக்கு ஒட்டிவிடக் கூடாதாம்!

முதல் மாத்திரையை ஆஸ்பத்திரியில் நர்ஸ் எதிரிலேயே போட்டாள். அன்று வீட்டில் குளியலறையிலிருந்து முகம் வெளுத்து வந்தாள். சிறுநீர் செக்கச்செவேலென்று போகிறது என்றாள்.

"பயப்படாத. மாத்திரையோட சாயம்தான். எல்லாருக்கும் அப்படித்தான் போகும்." யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நர்ஸ் சொன்னார் என்றேன். அந்த நர்ஸ் பேசியபோது பக்கத்திலேயே இருந்தவள் அவள்; சாயத்தைப் பற்றி நர்ஸ் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை...

மறுநாள் மாத்திரையை அமுக்கினாள். அட்டைக்குள் எண் தெரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொல்லைப்புறம் போகாமல், என் எதிரே உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்தாள். மணி அடித்ததும் துண்டித்தாள்.

எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. தினமும் என் எதிரே உட்கார்ந்துதான் அந்த மிஸ்டு கால். தெரிந்துகொண்டாளா? தெரிந்தும் சும்மா இருக்கிறாளா? அவள் முகத்தையே வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு நோய் தணிந்துவிட்டது, இனி ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் தம்ளர் மட்டும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.