கட்டுக்கரைக்குளத்தில் இவருக்கு என்ன வேலை?

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஜெஸீமா பிளெண்டர் இரவல் கேட்டு வந்தாள். கையில் கொடுத்த பிறகும் போகவில்லை. முற்றத்துக் கொடியில் கிடந்த என் வீட்டுக்காரரின் துவாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராத்தா... நானாட துவாய் ஒவ்வொரு நாளும் ஈரமாக் கிடக்கே. கிணத்துல ஏதும் பிரச்சினையா?"

"கிணத்துக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சரி."

அந்த 'அப்ப சரி' இருக்கிறதே... அதை வெளியூர் வாசகர்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். எங்கள் எருக்கலம்பிட்டியில் ஒரு ஆண் வெள்ளிக்கிழமை காலையில் தலை நனைந்து வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஜும்மாத் தொழுகைக்குக் குளிப்பது சுன்னத்து, நபிவழி. செவ்வாய்க்கிழமை நனைந்தால்? அவருக்குக் குளிப்பு கடமையாகியிருக்கிறது. கணவன் மனைவி விஷயம், அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். ஆனால் சொந்த வீட்டில் கிணறு இருக்க, வெளியே எங்கோ குளித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவர்? அவருக்கு அங்கே இன்னொரு வீடு இருக்கிறது. ஊர் அப்படித்தான் முடிவு கட்டும்.

என் வீட்டுக்காரர் நஸீரை இந்தப் பத்திரிகைப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. மன்னார் டவுனில் பலசரக்குக் கடை. மார்கழி வந்தால் ஒரு பெரிய பானை சுடுதண்ணீர் இல்லாமல் குளியலறைப் பக்கமே போகமாட்டார். மன்னாரில் என்ன பெரிய குளிர் என்று நுவரெலியா வாசகர்கள் சிரிக்கலாம். வாடைக்காற்று அடிக்கும் காலையில் ஒரு தடவை இங்கே வந்து நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அப்படிப்பட்ட மனிதர் மூன்று வாரமாக விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு நேரே எங்கோ கிளம்பிவிடுகிறார். ஏழரைக்குத் திரும்பி வருகிறார். தலை ஈரம். கேட்டதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்.

"கட்டுக்கரைக்குளத்துக்குப் போறன். முழங்கால் நோவுக்குக் குளிர் தண்ணியில நிண்டா நல்லதெண்டு டொக்டர் சொன்னவர்."

நம்பினேன். ஆனால் பிரஷர் குளிசை எடுக்கக் கிளினிக் போன இடத்தில் அதே டொக்டரிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"குளத்தில நிக்கச் சொல்லியோ? நான் சொல்லேல்லயே, டீச்சர்!"

நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்தவள். பொய் சொல்லும் பிள்ளையை மூன்று கேள்வியில் பிடித்துவிடுவேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. வேறு விஷயங்களும் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டன. மனிதர் காலையில் நாலு துண்டு புட்டு கூடுதலாகச் சாப்பிடுகிறார். சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்று எனக்கே தெரிகிறது — அவர் ஒன்றும் சொல்லவில்லை! கடையில் வேலை செய்பவரைத் திட்டுவதில்லை. ஷேவ் எடுக்கும்போது ஏதோ முணுமுணுக்கிறார். உற்றுக் கேட்டால்... பாட்டு.

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கணவன் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தால் எந்த மனைவிதான் சந்தேகப்படமாட்டாள்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் விவாகச் சட்டத்தில் இன்னொரு திருமணத்துக்கு இடம் இருக்கிறது. அதைப் பற்றி இதே பத்தியில் எத்தனை தடவை காரசாரமாக எழுதியிருக்கிறேன்! மற்றப் பெண்களுக்காக எழுதியபோது ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். பாதித் தேங்காயோடு எழும்பிவிட்டேன்.

புதன்கிழமை அவர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது நான் ஹபாயாவும் ஹெல்மெட்டுமாக மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றேன்.

"எங்க போறாய்?"

"நீங்க போற இடத்துக்குத்தான்."

அவர் முகம் கறுத்துவிட்டது. மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைக் கடந்தோம். இரண்டு பக்கமும் கடல், காற்று காதைக் கிழிக்கிறது. உயிலங்குளம் ஊரும் தாண்டியாயிற்று. அந்தப் பெண்ணைக் கண்டவுடன் என்ன சொல்வது என்று நான் வசனம் வசனமாகத் தயார் செய்துகொண்டு வந்தேன். முதல் வசனம் நன்றாக அமைந்தது. இரண்டாவதில் அழுகை வந்தது, அதை விட்டுவிட்டேன்.

குளக்கட்டில் ஏறி நிறுத்தினார். எதிரே ஒரு பெண்! நாற்பத்தைந்து வயது இருக்கும். மார்புக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு, தலை நனைந்து, கையில் பிளாஸ்க் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"டீச்சர்தானே? வாங்கோ, வாங்கோ! நானா எப்பவும் உங்களைப் பற்றித்தான் சொல்லுறவர்," என்றாள் அவள், வாயெல்லாம் சிரிப்பாக. பிறகு குளத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "இஞ்சேருங்கோ! டீச்சர் வந்திருக்கிறா!"

தண்ணீருக்குள் இருந்து ஒரு நரைத்த தலை எழும்பியது. சிவராசா. எங்கள் கடைக்கு அரிசி தரும் கமக்காரர். போனில் அவருடைய குரலை நூறு தடவை கேட்டிருக்கிறேன். இவள் அவருடைய மனைவி தவமணி. அவர்களுடைய வயல் குளக்கட்டுக்குக் கீழேதான். நாள்தோறும் விடிய இருவரும் இங்கேதான் குளிக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் நெல் பார்க்க வந்த என் வீட்டுக்காரர் வரம்பில் சறுக்கிச் சேற்றில் விழுந்திருக்கிறார். சேறு கழுவக் குளத்தில் இறங்கியவருக்கு ஏற மனம் வரவில்லையாம். சிவராசா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"முதலை இல்லையா இதுக்குள்ள?" என்றேன். சந்தேகத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே!

"இருக்கு டீச்சர். அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்தான் நிக்குமெண்டு அது உங்களிட்ட சொன்னதா?"

"இந்தக் கரையில இருவது வருசமாக் குளிக்கிறம். இண்டைவரைக்கும் ஒண்டுமில்லை."

இதற்குள் நஸீர் இடுப்புச் சாரத்தோடு இறங்கிவிட்டார். கழுத்தளவுக்குப் போனார். "ஹா!" என்று ஒரு சத்தம். பிறகு மல்லாந்து மிதந்தார். அந்த முகத்தைப் பார்த்தேன். கடை இல்லை, கடன்காரன் இல்லை, முழங்கால் இல்லை. எனக்கு அப்போது வந்தது நிம்மதி என்று நினைக்கிறீர்களா? இல்லை, பொறாமை. ஒரு பெண்ணாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். குளத்தோடு என்ன செய்வது?

"ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன், கரையில் நின்றபடி.

"வேற என்னெண்டு சொல்லுறது? பெற்றோல் அடிச்சுக்கொண்டு இவ்வளவு தூரம் போறன், குளிர் தண்ணியில கிடக்கப் போறன், நல்லா இருக்கு, அவ்வளவுதான் எண்டா நம்பியிருப்பியா? முழங்கால் எண்டா நம்புவாய்."

நம்பியிருக்கமாட்டேன். அதுதான் உண்மை. மருந்து என்றால் போகவிடுவோம். நேர்ச்சை, கடமை, வியாபாரம் என்றால் வழியனுப்பியும் வைப்போம். சும்மா நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்துவிடுகிறோம்.

தவமணி என் கையைப் பிடித்தாள். சிவராசா யாரும் சொல்லாமலே கரையேறி, தூரத்தில் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசுப் பக்கம் நடந்துவிட்டார். ஹபாயாவோடு இறங்கினேன். கணுக்கால் வரை கோபம் வந்தது. முழங்கால் வரை இதெல்லாம் பைத்தியம் என்று தோன்றியது. இடுப்பு வரை மூச்சே நின்றுவிட்டது. பிறகு தவமணி "இருங்கோ" என்று சொல்லித் தோளைப் பிடித்து ஒரே அமுக்கு! நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. நிமிர்ந்தபோது உடம்பெல்லாம் ஊசி குத்துகிறது, பற்கள் தந்தியடிக்கின்றன, நான் என்னை அறியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிடம் கழித்துத் தோலுக்குள் எங்கோ இருந்து ஒரு சூடு வந்தது. எங்கிருந்து வந்தது? தெரியவில்லை. அது வந்த பிறகு ஏறச் சொன்னால் யார் ஏறுவார்கள்?

கரையில் தவமணியின் இஞ்சித் தேநீரைக் குடிக்கும்போது நஸீர் மெதுவாகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. நீ என்ன நினைச்சாய்?"

என் கண் தன்பாட்டில் தவமணியின் பக்கம் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. துவாயை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"முப்பத்தொரு வருசத்தில உன்னட்டக் கேக்காமச் செய்த ஒரே வேலை இதுதான்," என்றார்.

எனக்கு வலித்தது. ஊருக்கெல்லாம் சுதந்திரம் பற்றி எழுதுகிறவள் நான். வீட்டில் ஒருவர் இரண்டு மணிநேரச் சந்தோஷத்துக்குப் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு," என்றார். அவர் அப்படி எளிதாக விட்டது இன்னும் வலித்தது.

வியாழக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் விழித்துத்தான் இருந்தேன். உடம்பு முழுவதும் அந்தக் குளிரைக் கேட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரிப் படுத்திருந்தேன். எவ்வளவு பெரிய குளம்! எனக்கும் இடம் இருக்கும்தான். ஆனாலும் அது அவருடைய குளமாகவே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன். கூப்பிடாவிட்டால்... அப்போது மறுபடி சந்தேகப்படுவேன்!