ஞாயிற்றுக்கிழமைத் தலைகள்

சலூன்காரரைக் கெடுத்தது வாடிக்கையாளர்களின் பாசம்தான். வேறு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது.

ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரே அறையில் ஆறு பேர் படுத்துக் கிடந்த தெருவில் அவர் கடை. கடல் தாண்டிப் பிழைக்க வந்த நம்மாட்கள் ஞாயிற்றுக்கிழமையானால் அங்கேதான் பழி கிடப்பார்கள். போன வாரம் வெட்டிய தலையோடும் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் கத்திரிச் சத்தத்துக்கு நடுவே அலசப்படும்.

கையில் கொஞ்சம் காசு புரண்டதும் ஒவ்வொரு குடும்பமாக நகரத்துக்கு வெளியே குடிபோனது. வாசலில் புல்தரை, பிள்ளைகளுக்குத் தனி அறை. போனவர்களும் ஞாயிறு தவறாமல் வந்து தலையைக் கொடுத்தார்கள். கொடுத்தபடியே புலம்பினார்கள்.

"அங்க ஒருத்தனுக்கும் வெட்டத் தெரியலண்ணே" என்பான் டாக்ஸிக்காரன். "நீங்க வந்துடுங்க. நாங்க இல்லையா?"

இவரும் நம்பினார். பக்கத்து நாற்காலியில் வெட்டிய கூட்டாளியிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, சேமிப்பையெல்லாம் துடைத்துப் போட்டுப் புறநகரில் புதுக்கடை திறந்தார். மாடியிலேயே வீடு. திறப்பு நாளில் கூட்டமோ கூட்டம். அதற்கப்புறம் ஓர் ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஏரியாவில் ஈயும் கிடையாது.

கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயின. மனைவி ஜன்னலில் நின்று, எதிர்வீட்டுத் திரை அசைகிறதா என்று பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மளிகைக் கடை வரிசையில் டாக்ஸிக்காரன் முன்னால் நின்றான். அவன் பின்னங்கழுத்தைப் பார்த்ததும் இவருக்குத் திக்கென்றது. இடது பக்கம் முடி ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. கூட்டாளியின் கை! எத்தனை தடவை சொல்லியும் திருந்தாத கை.

"பழைய தெருவுக்கா போன?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "மாட்டிக்கிட்டேனா? எங்க எல்லாருக்குமே அங்கதாண்ணே."

"என் கை சலிச்சுப்போச்சா?"

"ஐயோ, உங்க கை தங்கம். முடிக்காகவாண்ணே அவ்வளவு தூரம் வந்தோம்? சலூனுக்குன்னு சொன்னா வீட்டுல மறுபேச்சு இருக்காது. அரை நாள் நாலு மூஞ்சியப் பாத்துட்டு வரலாம். நீங்க என்னடான்னா வாசல்லயே கடையப் போட்டுட்டீங்க. உங்ககிட்ட வெட்டுனா பத்து நிமிஷத்துல வீட்டுக்குத் திரும்பணும்ல?"

"நீதானடா கூப்ட்ட?"

"அது ஒரு பேச்சுக்குண்ணே..."

அந்த ஞாயிறு கடையைச் சாத்திவிட்டு, கத்திரியைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். பழைய இடத்தில் ஒரு நாற்காலி கேட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு. மனைவி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நானும் வரட்டுமா?"

"சலூனுக்கு நீ எதுக்கு?"

அவள் செருப்பைக் கழற்றினாள்.

பழைய கடையில் பெஞ்சு நிரம்பி வழிந்தது. இவருடைய நாற்காலியில் கூட்டாளியின் மச்சான் வெட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு நாற்காலி போட அங்கே இடமே இல்லை.

"அடடே, வாங்கண்ணே! தலை காடா கிடக்கே. உக்காருங்க, இவங்களுக்கு அப்புறம் நீங்கதான்" என்றான் கூட்டாளி.

எல்லோரும் சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தார்கள். புதுக்கடை எப்படிப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முறை வந்தது. கூட்டாளி துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தான். உள்ளே கத்திரி நெஞ்சில் குத்தியது.

"எப்படிண்ணே வெட்டட்டும்?"

கண்ணாடியில் தெரிந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மெதுவா வெட்டு."