மூணு சுழி அக்கா

இன்னிக்கு கோட்டையில யாரைப் பார்த்தேன் தெரியுமா? சுழி அக்காவை! விருந்துக்கு வர்றவங்க தட்டு முன்னாடி மடிச்சு நிக்குமே பேர் அட்டை, அதை எழுதுறவங்க. நான் போனப்போ மேசையை அரை அடி நகர்த்திட்டு இருந்தாங்க. வெயில் நகர நகர மேசையும் நகரணும். அவங்க ரூம்ல ஜன்னல் கிடையாது. அந்தக் காலத்துல காவல்காரன் அம்பு விட்ட, ஒரு கை அகல சந்து மட்டும்தான்.

முந்நூறு வருஷத்துக் கோட்டைங்க, இப்ப பெரிய ஓட்டல்! அகழியில இப்ப கார் நிக்குது. கைதிகளை அடைச்ச ரூம்ல கோட்டு மாட்டுறாங்க. ராஜா தீர்ப்பு சொன்ன மண்டபத்துல நூறு பேர் உட்கார்ந்து, இத்துனூண்டு சாப்பாட்டை இம்மாம்பெரிய தட்டுல வச்சு சாப்பிடுறாங்க. "தட்டு பாதி காலியாவேதான் போகுது, அதைக் கழுவ வேற ஒரு ஆளு"ன்னு அக்கா சிரிப்பாங்க.

சமையல்காரங்க வச்ச பேருதான் 'சுழி'. காரணம், அக்காவோட தம்பி.

அக்காவுக்குப் பதினோரு வயசு இருக்கும்போது தம்பியைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. அப்பா அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஃபாரத்தை நிரப்பினது அக்கா. அவன் பேரோட கடைசியில ரெண்டு சுழி 'ன்' வரணும். அழகா இருக்கட்டுமேன்னு மூணு சுழி 'ண்' போட்டுட்டாங்க! அது அப்படியே எல்லா சர்டிபிகேட்லயும் ஏறிடுச்சு. "உனக்கு ஒரு சுழி ஜாஸ்திடா, அதான் வீட்ல நிக்க மாட்டேங்குற"ன்னு அம்மா கேலி பண்ணுவாங்களாம்.

அப்புறம் ஒரு நல்ல வேலை வந்துச்சு. ரேஷன் கார்டுல ரெண்டு சுழி, சர்டிபிகேட்ல மூணு. 'நீ யாருன்னே தெரியல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. "என் பேரையே கெடுத்துட்டியேக்கா"ன்னு கத்திட்டுப் போனவன்தான். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. போன் நம்பரும் மாறிடுச்சு.

நடுவுல யாரோ சொன்னாங்களாம், 'உன் தம்பியைக் கோட்டும் சூட்டுமா ஒரு பெரிய விருந்துல பார்த்தேன்'னு. அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடையில விண்ணப்பம் நிரப்பிட்டு இருந்த அக்கா, கோட்டு சூட்டு வர்ற இடமாத் தேடி இங்க வந்து சேர்ந்துட்டாங்க.

விருந்தாளி லிஸ்ட்ல தம்பி பேரு வந்தா, அட்டையில மூணு சுழி போட்டுடுவாங்க. ஏன் அக்கான்னு கேட்டேன். "வேற ஆளுன்னா தப்புன்னு சண்டைக்கு வருவான். என் தம்பின்னா, அக்கா எழுத்துன்னு தெரிஞ்சிடும்ல?"

இன்னிக்கும் அந்தப் பேரு இருந்துச்சு! ஆறாம் மேசை. அக்கா சந்து வழியா அகழிப் பாலத்தையே பார்த்துட்டு நின்னாங்க. ஒவ்வொருத்தரா கீழ நடந்து வர்றாங்க, மேலேர்ந்து பார்த்தா வெறும் தலைதான். "அவனுக்கு உச்சியில ரெட்டைச் சுழி"ன்னு முணுமுணுத்தாங்க.

கால் மணி நேரத்துல மேனேஜர் மூச்சு வாங்க மேல ஏறி வந்தாரு, கையில அந்த அட்டை.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களாக்கா? அந்த மனுஷன், 'எனக்கு மட்டும் ஏன்யா ஒரு சுழி எக்ஸ்ட்ரா, ஆஃபரா'ன்னு கேக்குறாரு! இவரு அஞ்சாவது ஆளு!"

அக்கா டிராயரைத் திறந்து, ரெண்டு சுழி போட்டு முன்னாடியே எழுதி வச்சிருந்த அட்டையை நீட்டினாங்க. மூணு சுழி அட்டையை வாங்கி, கிழிக்காம, டப்பாவுல இருந்த மத்த நாலோட வச்சாங்க.

மேனேஜர் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினாரு. இடுப்புல சொருகியிருந்த தாளை மேசையில வச்சாரு.

"சனிக்கிழமை லிஸ்ட். பதினேழாவது பேரைப் பாருங்க." தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. "ரெண்டு அட்டையும் எழுதி வச்சிடுங்க. கீழ நான் சமாளிச்சுக்குறேன்."

பேரோட கடைசியில மூணு சுழி போட்டு எழுதுற யாரையாச்சும் தெரிஞ்சா, இதை அவருக்கு அனுப்புங்க ப்ளீஸ். ஷேர் பண்ணுங்க. கோட்டைப் பக்கம் போனா, பாலத்துல ஒரே ஒரு தடவை நின்னு மேல பாருங்க, அக்காவுக்கு முகம் தெரியட்டும். நான் ரூமை விட்டுக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மேசையை இன்னும் அரை அடி நகர்த்திட்டு, அக்கா புது அட்டையை மடிச்சிட்டு இருந்தாங்க.