தண்ணீர் பாட்டில்

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வயிற்றின் மேல் கருவியை வைத்து ஸ்கேன் பார்க்க, சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து விழுப்புரம் வரைக்கும் மாமியார் என்னை விடவில்லை.

"குடிச்சிக்கினே இரும்மா. அப்பதான் புள்ள நல்லா தெரியும்."

எரிச்சலை அடக்குவதா, சிறுநீரை அடக்குவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா வயிற்றில் ஜெல் தடவி வெகுநேரம் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பவில்லை. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். உள்ளே கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியுமாம். தெளிவாகத்தான் தெரிந்தது. கருவின் வளர்ச்சி நின்றுவிட்டது, துடிப்பு இல்லை என்றார்.

வெளியே வந்து மாமியாரிடம் சொன்னேன்.

"துடிப்பு இல்லையாம், அத்த."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார்.

"தண்ணி பத்தல, அதான் தெரியல. இன்னும் கொஞ்சம் குடி. மறுபடி பாக்கச் சொல்லலாம்."

இனி எவ்வளவு குடித்தாலும் பயனில்லை என்று சொல்லியிருக்கலாம். வாங்கி, பாட்டில் காலியாகும் வரை குடித்தேன்.