ஆடுகோடி சிக்னலில் நின்றுபோன வண்டி

லிஃப்ட் சர்வீஸ் வேலைக்கு இப்போது வருகிறவர்கள் எல்லோரும் வண்டியோடுதான் வருகிறார்கள். நான் சேர்ந்தபோது எனக்கு மோட்டார் கழற்றத் தெரியும், வயரிங் பார்க்கத் தெரியும், பைக் மட்டும் ஓட்டத் தெரியாது. கூட்டாளி செல்வம் ஓட்டுவான். நான் டூல் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவேன். ஒருநாள் செல்வத்தைப் பொம்மசந்திரா சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

1. சாவி

சூப்பர்வைசர் மஞ்சுநாத் கம்பெனி பைக்கின் சாவியை என் முன்னால் போட்டார்.

"சார், எனக்கு ஓட்டத் தெரியாது."

"லைசென்ஸ் இருக்குதுதானே?"

"கிரவுண்டுல எட்டு போட்டு வாங்குனது சார். ரோட்டுல ஓட்டுனதில்ல."

"ரோட்டுல ஓட்டத்தானப்பா லைசென்ஸ் குடுக்கிறாங்க! நீ பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள லிஃப்ட்ல மாட்னவன் உள்ளயே குடித்தனம் பண்ணிடுவான்."

அன்றிலிருந்து ஆபீஸில் ஆளாளுக்கு வாத்தியார். ஒருவர் கிளட்சை விடாதே என்றார், இன்னொருவர் கிளட்சையே தொடாதே என்றார். எல்லோரும் கடைசியில் "பயப்படாம ஓட்டு" என்று முடித்தார்கள். ஏதோ நான் ஆசைப்பட்டுப் பயப்படுகிற மாதிரி!

விடியற்காலையில் காலித் தெருவில் ஓட்டிப் பழகினேன். அங்கே ஒன்றும் பிரச்சினையில்லை. மெயின் ரோட்டில் பஸ் ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்தால் போதும், பிரேக்கைப் பிடித்துவிடுவேன். பின்னால் ஹாரன் கேட்டால் ஓரங்கட்டி நின்றுவிடுவேன். பெங்களூரில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் ஓரங்கட்டினால் வீடு போய்ச் சேர முடியுமா?

2. சிக்னல்

ஒரு மத்தியானம் கோரமங்களாவிலிருந்து போன். அபார்ட்மென்ட் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். வெளியே நின்ற மகள்தான் பேசினாள்.

"அம்மாவுக்கு சுகர் இருக்குங்க. சாப்பிடவும் இல்ல. தலை சுத்துதுங்கிறாங்க. சீக்கிரம் வாங்க ப்ளீஸ்!"

வேறு ஆள் இல்லை. வண்டியை எடுத்தேன்.

ஆடுகோடி சிக்னலில் பச்சை விழுந்தது. செகண்ட் கியரில் இருப்பதைக் கவனிக்காமல் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. பின்னால் எத்தனை ஹாரன் உண்டோ அத்தனையும் அலறின. ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் "நியூட்ரல் போடுங்க!" என்று கத்திக்கொண்டே போனாள். நான் செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன், வண்டி கேட்கவில்லை. அப்படியே ஃபுட்பாத் ஓரம் தள்ளிப் பூட்டிவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் மறுபடி சிவப்பு விழுந்துவிட்டது.

ஹாரன் மட்டும் நிற்கவில்லை. எனக்கு நேர் பின்னால் இருந்த ஆட்டோக்காரர் கை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தார். பையில் போன் வேறு அடிக்கிறது. அந்த மகளாகத்தான் இருக்கும். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"யோவ், ரெட்டு எரியுது! எங்க போகச் சொல்ற? வானத்துலயா?"

அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "உன்னைச் சொல்லல குரு. சும்மா அடிச்சேன்" என்றார்.

சும்மாவா! இந்தச் சும்மாவுக்கா நான் இத்தனை நாள் ஒவ்வொரு தெருமுனையிலும் செத்துப் பிழைத்தேன்? அந்த எரிச்சலில் பயப்படவே மறந்துவிட்டது. நியூட்ரல் போட்டேன். செல்ஃப் அமுக்கினேன். பச்சை விழுந்ததும் ஃபர்ஸ்டில் மெதுவாக எடுத்தேன். பின்னால் அடித்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் என் லேனிலேயே போனேன்.

அபார்ட்மென்டில் மெயின் சப்ளையை ஆஃப் செய்து, மெஷின் ரூமில் மோட்டார் பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்டை மேல்மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்தேன். "இவ்ளோ லேட்டா வர்றீங்களே!" என்று மகள் என்மேல் பாய்ந்தாள். அந்த அம்மா அவள் நீட்டிய ஜூஸை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரைத் திட்டாதடி. மொதல்ல தண்ணி குடு. என்னைவிட அவருக்குத்தான் வேர்த்துக் கொட்டுது."

பயம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். லாரி பக்கத்தில் வந்தால் இன்றும் ஓரங்கட்டிவிடுவேன். ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டேன்: நடுரோட்டில் வண்டி நின்றால் பின்னால் இருப்பவருக்காக அவசரப்படக் கூடாது. நிதானமாக ஸ்டார்ட் செய்து, பார்த்து எடுங்கள். அதுவரை அவர் நிற்கத்தான் வேண்டும். இந்த ஊரில் அவருக்கும் வேறு வழியில்லை.