குதி உயர்ந்த சப்பாத்து

திருகோணமலை நகரத்தில் ஒரு புடவைக்கடையில் பதினொரு விற்பனைப் பெண்களுக்கு நான் மேற்பார்வையாளராக இருந்தேன். எல்லோரும் குதி உயர்ந்த கறுப்புச் சப்பாத்துப் போட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. யார் மீறினாலும் கண்டிப்பது என் வேலை.

கிண்ணியாவிலிருந்து வரும் ஒருத்தி சேலைப் பகுதியில் நின்றாள். இரண்டு பிள்ளைகளின் தாய். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“அக்கா, படியேறேக்க முழங்கால் சரியா நோகுது. தட்டைச் சப்பாத்துப் போடட்டா?”

“ஏலாது. எல்லாரும் போட்டுக்கொண்டுதானே நிக்கினம்” என்றேன்.

இன்னும் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் முறை, வேலைக்குக் கள்ளத்தில் நோவைச் சாட்டுகிறாள் என்று மற்றவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள்.

ஒரு வருடம் கழித்து எனக்கே வலது முழங்கால் வீங்கியது. அன்புவழிபுரத்தில் என் வீட்டு வாசற்படியைக்கூடப் பக்கவாட்டில்தான் இறங்கினேன். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் பெண் என் காலைப் பார்க்குமுன் சப்பாத்தைக் கையில் எடுத்தாள்.

“நாள் முழுக்க இதோடயா நிக்கிறீங்கள்? குதி உயர்ந்தால் முழங்காலுக்குத்தான் பாரம் கூட. இது மட்டும்தான் காரணமெண்டு சொல்ல ஏலாது. வயசும் இருக்கு, நிக்கிற வேலையும் இருக்கு. ஆனா இதை மாத்தாமல் மருந்து பூசிப் பிரயோசனமில்லை. தேஞ்ச றப்பர்ச் செருப்பும் வேண்டாம். அடி மெத்தெண்டு, குதிக்காலை இறுக்கிப் பிடிக்கிறதாப் பாருங்கோ.”

அவள் பேசும்போது கிண்ணியாக்காரியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லோரையும் தட்டைச் சப்பாத்துப் போட விடும்படி முதலாளியிடம் போய்க் கேட்டேன். முதலில் மறுத்தார். என் முழங்காலைக் காட்டியதும் சம்மதித்தார். எனக்கு நோ வந்தபிறகுதான் என் வாய் திறந்தது என்பதை நினைக்கக் கூச்சமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிண்ணியா போய் அவள் வீட்டைத் தேடிப் பிடித்தேன். அவள் காலை நீட்டியபடி இருந்து உடுப்புக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டளை மாறியதைச் சொன்னேன்.

“நல்ல விசயம் அக்கா. மற்றப் பிள்ளையளுக்கு உதவும்.”

“நீங்களும் திரும்பி வரலாம்.”

“முழங்கால் மடிக்க ஏலாம நான் இப்ப தொழுறதும் கதிரையில இருந்துதான்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்க இலகுவாக இருந்திருக்கும்.

“அண்டைக்கு நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். “தேத்தண்ணி ஊத்தட்டா?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அவள் அதற்குள் சுவரைப் பிடித்து எழும்பிவிட்டாள்.